இடப்பக்கம் பார்த்த கிளி

மேடையில் இரண்டாயிரத்து அறுபதாம் வருஷத்துக் குடும்பம் ஓவியனைக் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பின்திரையை அவிழ்த்து விடுவார்கள்.

அந்தத் திரையில் ஒன்றும் இல்லை என்பது கூட்டத்தில் ஒச்சப்பனுக்கு மட்டும்தான் தெரியும்.

சிவகாசியில், ஒரு லித்தோ அச்சகத்தின் ஆயுத பூஜை. மிஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. முற்றத்தில் பந்தல் போட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, பொரிகடலை தின்றபடி நாடகம் பார்த்தார்கள்.

கம்பாசிட்டர் சங்கையா எழுதிய நாடகம். அரண்மனைச் சுவரில் வாழ்நாளெல்லாம் படம் எழுதிய ஒருவன். புது ராஜா வந்து அத்தனையின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிடுகிறான். மனம் உடைந்து அவன் குளத்தில் விழப்போகும் நேரத்தில், வருங்காலத்திலிருந்து அப்பா, அம்மா, மகள் என்று ஒரு குடும்பமே காலயந்திரத்தில் வந்து இறங்குகிறது. எங்கள் காலத்துக்கு வந்து உன் சுவரைப் பார் என்று அழைத்துப் போகிறது.

காலயந்திரம், மிஷின் வந்த மரப்பெட்டி. மேலே ஈயத்தாள் ஒட்டியிருந்தார்கள்.

"ஏலே, பெட்டியில லோடு அதிகம்லே. சாத்தூர்கூடத் தாண்டாது" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, பந்தலே குலுங்கியது.

ஒச்சப்பன் சிரிக்கவில்லை.

பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் எழுதுகிறவன் அவன். தாளில் அல்ல, அச்சுக்கல்லில் எழுதுவான். அச்சு ஓடி முடிந்ததும் மணல் போட்டுத் தேய்த்து, அடுத்த படத்துக்குக் கல்லை வெறுமையாக்கிவிடுவார்கள். தாளில் போனதோ தீபாவளியோடு வெடித்துச் சிதறும். எப்போதும் நடப்பதுதான். பங்குனியில் ஒரு நாள், தான் எழுதிய கிளியின் மேல் மணல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

அதன்பிறகு பிரஷைத் தொடவில்லை. விடிந்தால் கண்மாய்க்கரைக்குப் போவான். பொழுது சாய்ந்தால் வருவான். பெண்டாட்டி வெள்ளைத்தாய் சோறு வைப்பாள். தின்பான்.

அவனை எப்படியாவது எழுப்பிவிடத்தான் சங்கையா அந்தத் திரைத்துணியைக் கொண்டுவந்து கொடுத்தது. "நாடகமே இதுலதாம்ப்பா நிக்கிது. அந்தச் சுவரை நீதான் எழுதணும்."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி மூலையில் வைத்தவன், வைத்தபடியே விட்டுவிட்டான். இன்று காலை பார்த்தால் மூலையில் துணி இல்லை.

"வண்டி வந்துச்சு. குடுத்து விட்டுட்டேன்" என்றாள் வெள்ளைத்தாய்.

முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெறுந்துணியைப் பார்த்த பிறகு அவர் இனி ஒரு கல்லைத் தன்னிடம் கொடுப்பாரா? சங்கையா முகத்தில் எப்படி விழிப்பது? எழுந்து போய்விடலாம் என்று ஒச்சப்பன் காலை மடக்கினான்.

மணி அடித்தது. கயிறு அவிழ்ந்தது.

திரை முழுக்க நீலம். நீலத்தின் மேல் ஒரு கிளி, ஒரு குதிரை, ஒரு தாமரை, மத்தாப்புப் பிடித்த ஒரு சிறுமி. கோடெல்லாம் நடுங்கியிருந்தது. வண்ணம் ஓரம் தாண்டி வழிந்திருந்தது. உச்சியில் பெரிய பெரிய எழுத்தில், 'ஓவியரே வருக'.

அத்தனை எழுத்தும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நின்றன.

பந்தலில் ஒரே வெடிச்சிரிப்பு.

"ஏலே ஒச்சப்பா, இது துணிலே. கல்லுன்னு நெனைச்சிட்டியா?" என்று போர்மேன் தொடையைத் தட்டிக்கொண்டு சத்தம் போட்டார்.

கல்லில் திருப்பி எழுதினால்தான் தாளில் நேராக விழும். அச்சகத்து ஆட்களுக்கு அதைப் படிக்க ஒரு சிரமமும் இல்லை. ஆளாளுக்கு உரக்கப் படித்துக் கைதட்டினார்கள். முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். மேடையில் ஓவியனாக நின்ற பெத்தணன், சிரிப்பை முழுங்கிக்கொண்டு தன் வசனத்தைச் சொன்னான்: "இதையெல்லாம் யாரும் அழிக்கலையா?"

ஒச்சப்பன் கிளியையே பார்த்தான்.

லேபிளில் அது வலப்பக்கம் பார்க்கும். இது இடப்பக்கம் பார்த்தது, கல்லில் இருந்தபடியே. குதிரையும் அப்படித்தான். சிறுமியும் அப்படித்தான். எல்லாம் மணல் தின்ற படங்கள்.

சீசன் நேரத்தில் சின்னக் கற்களை வண்டியில் ஏற்றி அவன் வீட்டிலேயே கொண்டுவந்து இறக்குவார்கள். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவான்; குனிந்தால் நிமிரமாட்டான். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

எழுந்தான். சிரிக்கிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போனான்.

சுற்றிலும் எல்லோரும் சிரிக்க, வெள்ளைத்தாய் மட்டும் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கையில் கழுவ மறந்த நீலம்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுகிறவள்.

அவன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எதுக்கு இம்புட்டுச் சிரிக்காக?" என்று மெதுவாகக் கேட்டாள். "நீங்க எழுதுற மாதிரியேதான எழுதியிருக்கேன்."

ஒச்சப்பன் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான். "கிளிக்குத்தான் வால் கட்டையாப் போச்சு. பிரஷை எங்கன வச்சிருக்க?"