கறண்ட் போகிற நேரம்

"இந்தக் கட்டடத்தில ஜெனரேற்றர் வேண்டாம் எண்டு நிக்கிறது நீங்கள் ஒராள்தான் அக்கா," என்றார் யோகநாதன், வாசலில் நின்றபடியே.

அன்னபாக்கியம் கதவை அகலத் திறந்துவிட்டார். வெள்ளவத்தையில் அன்று மாலையும் மின்வெட்டு. மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றியதில், தொண்ணூற்றாறாம் ஆண்டு கொழும்பே இருட்டில் கிடந்தது.

யோகநாதன் அந்தக் குடியிருப்பின் செயலாளர். கூட வந்திருந்த ஹியூபேட், கொட்டாஞ்சேனையில் புதிதாக ஜெனரேற்றர் கடை திறந்தவர். ஜெனரேற்றர் வைக்க இருந்த ஒரே இடம் அன்னபாக்கியத்தின் ஜன்னலுக்கு நேர் கீழே. எல்லா வீட்டாரும் சம்மதித்தால்தான் வைக்கலாம் என்று கட்டடச் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யோகநாதனின் மகளுக்கோ ஓகஸ்டில், பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். சோதினை. மெழுகுதிரியில் படித்துப் படித்துப் பிள்ளைக்குக் கண் எரிகிறது. பூனைக்கு மணி கட்ட வேறு யாரும் வராததால் அவரே வந்துவிட்டார்.

உள்ளே மேசையில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சு, ஒரு திரி. யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லாமல் போன வருடங்களில் வீட்டுக்கு வீடு எரிந்த அதே விளக்கு. கடையில் மெழுகுதிரி கிடைக்கும்போது இது எதற்கு என்று ஹியூபேட் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

விளக்கின் பக்கத்தில் அன்னபாக்கியத்தின் கணவர் சிவபாதசுந்தரம் இருந்தார். யாழ்ப்பாணத்துச் சண்டையில் இடம்பெயர்ந்து இருவரும் இங்கே வந்து சில மாதங்கள்தான். பகலில் அந்த வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கும். யோகநாதன் அவரைப் பக்கத்தில் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"வாங்கோ தம்பியவை, இருங்கோ. பாக்கியம், தேத்தண்ணி போடு. படலையைச் சாத்திப்போட்டியோ?"

மூன்றாம் மாடியில் வேலிப் படலைக்கு எங்கே போவது? வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்னபாக்கியமும் சிரித்தபடியே, "ஓம், சாத்திப்போட்டன்," என்றார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஹியூபேட்டுக்கு வாய்க்குக் குறை இல்லை. இனித் தனியாரும் மின்சாரம் உற்பத்தி செய்யலாம் என்று அரசாங்கம் சொல்லப்போகிறதாம். ஜெனரேற்றருக்கு வரி குறையுமாம். வெயிலிலும் காற்றிலும் கறண்ட் எடுக்கிற காலம் வருமாம். இப்போதே இந்தத் தொழிலில் இறங்குகிறவன்தான் கெட்டிக்காரனாம். பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம்.

"சத்தமே வராது அன்ரி. ஜப்பான் சாமான்," என்று முடித்தார்.

சிவபாதசுந்தரம் எல்லாவற்றையும் ஆவலோடு கேட்டார். பிறகு, வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி, ரேடியோவில் செய்தி கேட்கிற கதையை எடுத்தார்.

"இவ சுத்தினால்தான் செய்தி தெளிவாக் கேக்கும். நான் சுத்தினால் வாசிக்கிறவருக்கு விக்கல் எடுக்கும்."

அன்னபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருடைய முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

யோகநாதன் கதிரையை விளக்குக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். அவருடைய மகள் யாழ்ப்பாணத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் படித்ததும் இப்படியொரு போத்தலுக்குப் பக்கத்தில்தான். குண்டுக்குப் பயந்த காலம்தான். ஆனாலும் ஒரு விளக்கைச் சுற்றி வீடு முழுவதும் இருந்தது. இங்கே லைற் வந்தால் ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுகிறார்கள். நானும் அப்படி டைனமோ சுற்றியவன்தான் என்று அவரும் இரண்டு கதை சொன்னார். வந்த காரியம் கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று.

தேநீர் முடிந்த பிறகுதான் மகளின் நினைவு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சோதினையைப் பற்றிச் சொன்னார்.

"உங்கட பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பனே தம்பி?" என்றார் அன்னபாக்கியம். "சத்தம், புகை ஒண்டும் எனக்குப் பிரச்சினையில்லை. கறண்ட் இல்லாத இந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் எனக்கு விட்டுவையுங்கோ."

யோகநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பழைய நாளை எண்ணி ஆறுதல் பட யாருக்குத்தான் விருப்பமில்லை? அதற்காக ஒரு பிள்ளையின் படிப்பைப் பாழாக்குவதா?

"நீங்கள் ரெண்டுபேரும் பழங்கதை கதைக்கிறதுக்காக என்ர பிள்ளை இருட்டில இருக்கோணுமோ அக்கா?"

அன்னபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாமல் யோகநாதன் எழுந்து நின்றார்.

அப்போது கறண்ட் வந்தது. கீழே ஒழுங்கையில் பிள்ளைகள் கூவின. ரியூப் லைற் இரண்டு தரம் மினுங்கிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது. அன்னபாக்கியம் அவசரமாகக் கண்ணைத் துடைத்து, கணவரின் கதிரையை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

சிவபாதசுந்தரம் சுவர்களைப் பார்த்தார். வந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு அன்னபாக்கியத்தைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"தங்கச்சி, நீங்கள் ஆர்? என்ர மனிசி பாக்கியம் இவ்வளவு நேரமும் இதிலதான் இருந்தவ."

"வந்திடுவா ஐயா," என்றார் அன்னபாக்கியம். "நாளைக்குக் கறண்ட் போனவுடன வந்திடுவா."