வரைபடத்தில் விட்டுப்போனது

தொலைபேசியை வைத்த ராங்ஹில்டைச் சக பேராசிரியர் ஐவின் கவலையோடு பார்த்தார்.

"கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்க?"

"பேஸ்மேக்கர்ல கோளாறே இல்லையாம். என் வரைபடம்தான் தப்பாம்."

இதயத்துடிப்பைச் சீராக்கும் அந்தக் கருவிக்குள் இருக்கும் மென்பொருளைக் கணினியில் மாதிரி வரைபடமாக வரைந்து சோதிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் வந்தால் கருவி நின்றுவிடும் என்று பத்து நாள் முன்பு அந்த வரைபடம் காட்டியிருந்தது.

"நல்லா பாத்தாங்களா?"

"நிஜக் கருவியிலேயே ஓட்டிப் பாத்துட்டாங்க. அப்படி நின்னுடாம இருக்க அதுல ஒரு தடுப்பு இருக்கு. நான்தான் அதை வரையாம விட்டுட்டேன்."

"அடப்பாவமே! ரெண்டு வருஷ உழைப்பாச்சே! பெர்கன் மாநாட்டுக்கு அனுப்பின கட்டுரையையும் திரும்ப வாங்கணுமே!"

"வாங்கிட்டாப் போச்சு" என்று சிரித்தவளின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஏமாற்றம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிய ஐவின், காபி கொண்டுவர எழுந்து போனார்.

ராங்ஹில்ட் வீட்டில் இருந்த கணவனை அழைத்தாள்.

"ஸ்டைனார், பனிச்சறுக்குக்குப் போகணும்னு நச்சரிச்சியே, போயிட்டு வா."

"பத்து நாளா மாடிப்படி ஏறக்கூட விடல. இன்னிக்கு என்ன திடீர்னு?"

"உன் நெஞ்சுல வெச்சிருக்கிற பேஸ்மேக்கரைப் பத்தி நான் சொன்னதெல்லாம் தப்பாம்டா!"