பதினெட்டு மணி நேர ஓசி ரூம்

"டாடி, வெள்ளிக்கிழமை போனா நடுவுல மூணு மணி நேரம்தான் வெயிட்டிங். செவ்வாய்க்கிழமைதான்னு எதுக்கு அடம் பிடிக்கிறீங்க?"

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள் ஜோவிதா.

"செவ்வாய்க்கிழமைதான் பதினெட்டு மணி நேரம் வெயிட்டிங்," என்றார் சில்வெஸ்டர், லாட்டரி விழுந்தவர் மாதிரி.

"அது நல்ல விஷயமா?"

"எட்டு மணி நேரத்துக்கு மேல காக்க வெச்சா, ஏர்லைன்ஸ்காரனே நல்ல ஹோட்டல்ல ரூம் தரணும். வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஓசி. ஆனா நடுவுல மாறுற ஏர்போர்ட்ல அன்னிக்கு அதுக்கு முன்னாடி கிளம்பற வேற பிளைட் இருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இல்ல. ரெண்டு வாரமா பாத்துட்டேன்."

டொரான்டோவில் மகன் எரிக்கின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்குத்தான் சில்வெஸ்டரும் அன்னம்மாளும் பெங்களூரிலிருந்து கிளம்புகிறார்கள். இருவருக்கும் முதல் விமானப் பயணம். டிக்கெட் மகள் ஜோவிதாவின் செலவு.

"மம்மியோட முழங்காலை நினைச்சுப் பாத்தீங்களா? வேன்ல ஏறி இறங்கணும், மறுபடி செக்கிங், மறுபடி கியூ. ஒரே பேஜாரு. மம்மி, நீயாவது சொல்லேன்."

அன்னம்மாள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவருக்கு ஆசையா இருக்கு. விடு."

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று ஊரில் சொல்வார்களே, அது தன் அப்பாவைத்தான் என்று ஜோவிதா அன்றைக்கு முடிவு செய்தாள். எரிக்குக்கு அதை அப்படியே மெசேஜும் அனுப்பினாள். அவன் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மையைப் பதிலாக அனுப்பினான். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை டிக்கெட்டைத்தான் போட வேண்டியிருந்தது. சில்வெஸ்டர் வேறு எதற்கும் மசியவில்லை.

செவ்வாய் மதியம் அவள் ஆபீஸில் இருந்தபோது போன் வந்தது.

"ஜோவி, பிளைட் மாறுற இடத்துல வந்து இறங்கிட்டோம். கவுன்டர்ல ரூம் கிடையாதுன்றான்."

"நினைச்சேன். மம்மி எங்க?"

"சேர்ல உக்காந்திருக்கா. காலைத் தடவிக்கிட்டு."

ஜோவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாடி, நான் இப்பவே காசு அனுப்பறேன். முதல்ல ஒரு ரூம் எடுத்து அவங்களைப் படுக்க வைங்க."

"காசு கொடுத்தா? வேணவே வேணாம். அனுப்பினே, திருப்பி அனுப்பிடுவேன்."

போனை வைத்துவிட்டார். ஜோவிதா இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் கல்நெஞ்சாக இருப்பானா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து வீடியோ காலில் சிரித்துக்கொண்டே வந்தார் சில்வெஸ்டர்.

"ஜெயிச்சாச்சு. அவங்க ரூல்ஸையே பிரின்ட் எடுத்து, மஞ்சக் கோடு போட்டுக் கொண்டு போயிருந்தேன். முதல் ஆளு இல்லன்னான். ரெண்டாவது ஆளு மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் முழுசாப் படிச்சுட்டு, 'சார், நீங்க வக்கீலா'ன்னு கேட்டான். 'டெலிபோன் லைன்மேன், ரிடையர்டு'ன்னேன். எழுந்து நின்னு ரூம் சீட்டைக் கொடுத்தான்."

"மம்மியைக் காட்டுங்க."

போன் திரும்பியது. பெரிய அறை. வெள்ளை வெளேரென்று ஒரு கட்டில். அன்னம்மாள் அதன் பக்கத்தில் குனிந்து நின்று விரிப்பின் ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மூலையைச் சரியா மடிக்கல ஜோவி. எங்க சூப்பர்வைசர் பாத்திருந்தா அவுத்துத் திரும்பப் போடுன்னிருப்பா."

எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பத்தோரு வருஷம் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தவள் அன்னம்மாள். ஒரு நாளைக்குப் பதினாலு ரூம். ஜோவிதாவின் இன்ஜினியரிங் ஃபீஸ் அந்த ரூம்களிலிருந்துதான் வந்தது. விருந்தாளியின் கட்டிலில் வேலைக்காரர்கள் உட்கார்ந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்பது அங்கே சட்டம்.

"அதை விடு. உக்காரு," என்றார் சில்வெஸ்டர்.

அன்னம்மாள் விளிம்பில் உட்கார்ந்தாள். உடனே கதவைப் பார்த்தாள்.

"யாரும் வர மாட்டாங்க. இது உன் ரூம். படு."

மெதுவாகச் சாய்ந்தாள். காலை நீட்டினாள்.

"ஜோவி, இது இவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி."

ஜோவிதாவுக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை வருஷத்தில் அம்மா எங்கே படுத்தாள் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"டாடி, சாரி. ஆனா நான்தான் காசு அனுப்பறேன்னேனே. ஏன் வேணாம்னீங்க?"

சில்வெஸ்டர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அவ ரிடையர் ஆன அன்னிக்கு, அதே ஹோட்டல்ல ஒரு நாள் தங்க வைக்கலாம்னு கூட்டிட்டுப் போனேன். வாடகையைக் கேட்டா. 'இந்தக் காசுக்குப் பிள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கலாம்'னு சொல்லி வாசலோட திரும்பிட்டா. ஓசின்னாதான் ஜோவி, உங்க மம்மி தனக்குன்னு ஒண்ணை எடுத்துப்பா."