காலியாக அளந்தது

ஜன்னலோரம் மேலாளர். அவருக்கு வலப்பக்கம் ஆய்வுக்கூடத்து வேதியியல்காரர். எதிர் நாற்காலியில், கருவிகளுக்கு வெளிப்பெட்டி வரைபவன். அலுவலகத்தில் அவனுக்கு டப்பா சார் என்று பெயர். கதவை ஒட்டி, நோட்டும் பேனாவுமாக அவள்.

பேட்டரியின் தடிமனை அளந்து எழுதுவது அவள் வேலை. அந்த அளவை வைத்துத்தான் பெட்டிக்குள் இடம் விடுவார்கள். மைக்ரான் மேடம் என்பார்கள். கடிதங்கள் எழுதுவதும் அவள்தான், கையெழுத்து அப்படி.

மேசை நடுவே ரத்த அழுத்தம் பார்க்கும் கைக்கருவி ஒன்று முதுகு பிளந்து கிடந்தது. அதே மாதிரி நானூறு திரும்பி வந்திருந்தன. உள்ளிருந்த பேட்டரி உப்பி, மூடியைத் தள்ளியிருந்தது.

வேதியியல்காரர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். முழுச் சார்ஜில் இருந்த பேட்டரியைக் காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பிரித்திருந்தார். கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய தகடு பொன்னாய் மின்னியது.

“அட, அடகு வெச்சிடலாம் போலிருக்கே” என்றான் டப்பா சார். யாரும் சிரிக்கவில்லை.

வேதியியல்காரர் பொறுமையாக விளக்கினார். பென்சிலுக்குள் இருக்கிற அதே கிராஃபைட்தான். அடுக்கு அடுக்காக இருக்கும். சார்ஜ் ஏற ஏற, லித்தியம் அந்த அடுக்குகளுக்கு நடுவே புகுந்து உட்காரும். கறுப்பு நீலமாகும், சிவப்பாகும், இடமெல்லாம் நிரம்பியதும் இந்த நிறம். புகுந்தது சும்மா இருக்காது, அடுக்குகளை விலக்கும். கிராஃபைட் பத்தில் ஒரு பங்கு உப்பும். சார்ஜ் இறங்கினால் ஒடுங்கிக்கொள்ளும்.

“அதனாலதான் மூணு மணி நேரம் நிறைச்சு, அப்புறம் அளக்கச் சொல்றது. காலியா அளந்தா ஏமாத்திடும்.”

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். போட்டாள். மறுபடி கழற்றினாள்.

இந்தப் பேட்டரியை அளந்த அன்று அவளிடம் ஆறு மணிக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் இருந்தது. தெருமுனையில் வண்டி காத்திருந்தது. காலி பேட்டரியைக் கருவியில் வைத்தாள். ஐந்து மில்லிமீட்டர். ‘முழுச் சார்ஜ்’ என்ற கட்டத்தில் அந்த ஐந்தை எழுதினாள். நேரத்துக்கான கட்டத்தில், எட்டு மணி என்று எழுதினாள்.

ஒரு சினிமாவுக்காக.

மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். “பதினேழாம் தேதி, ராத்திரி எட்டு மணி. முழுசா ஏத்தித்தானே மேடம் அளந்தீங்க?”

“ஆமா சார்.”

டப்பா சார் போனிலிருந்து நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். பிறகு பிளந்து கிடந்த கருவியைப் பார்த்தான்.

“மேடம் அளவு தப்பாது சார். நான்தான் இடம் கம்மியா விட்டுட்டேன்.”

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. கடிதம் இன்றைக்கே தபாலுக்குப் போக வேண்டும் என்றார் மேலாளர்.

டப்பா சார் நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு எழுந்தான். கதவருகே குனிந்து, கீழே உருண்டிருந்த பேனா மூடியை எடுத்து அவள் நோட்டின் மேல் வைத்தான்.

அவள் எழுதினாள். அனுப்புநர். பெறுநர். பொருள்: பணியிலிருந்து விடுவித்தல்.

ஒன்று, பேட்டரி உப்புவதற்குப் போதிய இடம் விடப்படவில்லை.

இரண்டு, அதனால் நானூறு கருவிகள் பழுதாயின.

மூன்று என்று போட்டாள்.

மூன்றாவதாக எழுத அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. ஒரு வரிதான். பேனா முனை தாளில் நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது என்று வேறு தாள் எடுத்து, இரண்டோடு நிறுத்தினாள்.

மேலாளர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். விலாசம் ஃபைலில் இருக்கும் என்றார்.

அவள் ஃபைலைத் திறக்கவில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து அங்கே வேலை பார்க்கக்கூடாது என்பது விதி. அதனால் அவள் ஃபைலில் அம்மா வீட்டு விலாசம் இருந்தது. அவன் ஃபைலில்தான் உண்மையான விலாசம். கதவு எண், தெரு, இரண்டாவது மாடி. அந்த வீட்டுச் சாவி அவள் கைப்பையில் கிடந்தது. அன்று தெருமுனையில் வண்டியோடு நின்றவனிடம் இன்னொரு சாவி.

எட்டு மணிக்கு அவன் தியேட்டரில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

உறையின் விளிம்பை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினாள். கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தினாள்.

தபால் எடுக்க வந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். “பதிவுத் தபாலா மேடம்? நாளைக்குப் பகல்ல வீட்ல ஆள் இருப்பாங்களா, கையெழுத்துப் போட்டு வாங்க?”

“இருப்பார்” என்றாள்.