ஓடுபாதையைக் கடந்தவள்

மாட்டைத் தேடிப் போன ரஞ்சிதம், வேலி இடுக்கில் நுழைந்து ஓடுபாதையைக் குறுக்கே கடக்கையில் தடுக்கி விழுந்தபோது, தரையிறங்க வந்த பயிற்சி விமானம் சட்டென்று மூக்கை உயர்த்தி அவளைத் தாண்டியது. அடுத்த நொடி ஒரு பக்கமாகச் சரிந்து சோளக்கொல்லையில் விழுந்தது. ஓட்டி வந்த மாணவி பெர்னதெத்துக்கு இரண்டு கால்களும் முறிந்தன. மூன்று நாள் ரஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“குறுக்கே வந்தது நான்தான் பாப்பா. என்னாலதானே இப்படி ஆச்சு?”

“இல்லக்கா. எஞ்சின் நின்னுபோச்சு. அங்க யாரையும் நான் பார்க்கவே இல்ல.”

ரஞ்சிதம் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அவள் கதவை எட்டியபோது பெர்னதெத் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, தடுக்கி விழுந்தீங்களே, அடி ஒண்ணும் படலையே?”

ரஞ்சிதம் திரும்பி வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.