முதல் ஓட்டம்

“இன்ஜின் அறுநூறு குதிரைசக்தியத் தாண்டட்டும் புள்ள, நீ எம்புட்டுப் பெருசாக் கேட்டாலும் தாரேன்.” “அப்பப் பேச்சு மாறக் கூடாது மச்சான்.” கல்யாணமான புதிதில் ஆசிப்பும் தானும் பேசியதை நினைத்தபடி, வில்லாபுரம் பட்டறையில் கணினித் திரைமுன் நிற்கிறாள் சனோபர். இன்ஜினின் சக்தியை அளக்கும் சோதனை உருளைகள்மேல் சிவப்புக் கார் உறுமுகிறது. இன்ஜினின் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியவள் அவள். ஸ்டியரிங் பிடிப்பது மட்டும் எப்போதும் ஆசிப். அவன் ஆக்சிலரேட்டரை அழுத்த, அவள் பொருத்திய சூப்பர்சார்ஜர் சீழ்க்கையடிக்கிறது. தகரக் கூரை அதிர்கிறது, டீ கிளாஸ் மேசையில் தானாக நகர்கிறது, கூரை ஓட்டை வழி விழும் வெயிலில் தூசி கூத்தாடுகிறது. திரையில் அறுநூற்றுப் பதினான்கு! “ஜெயிச்சுட்டோம் புள்ள! கேளு, வளையலா, கொடைக்கானலா?” என்று ஜன்னல் வழியே கத்துகிறான் ஆசிப். கிரீஸ் கையைத் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டு அவள் கார்க்கதவைத் திறக்கிறாள். “இறங்குங்க மச்சான். ரோட்டுல மொத ஓட்டம் நான் ஓட்டணும்.”