தனியாவா போறீங்க?

"தனியாவா போறீங்க?"

கேட்டவள் படகுத்துறையில் சீட்டு கொடுக்கும் பெண். கேட்கப்பட்டவர் கவுன்ட்டருக்கு வெளியே தூறலில் நின்றுகொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தேய்த்த சட்டை, பளபளவென்று ஷூ. ஆற்றில் துடுப்புப் போட வருகிறவன் எவனாவது இப்படி வருவானா?

"ஆமாம்மா. நாளைக்குக் காலைல. ஒரு ஆள் போற படகு கிடைக்குமா?"

"கிடைக்கும். எங்கேருந்து இறங்குறீங்க?"

"ஊத்துக்கிட்டேருந்து."

சுவரில் ஆற்றின் படம் ஒட்டியிருந்தது. அவள் எழுந்து அதில் விரல் வைத்துக் காட்டினாள். "இதுதான் ஊத்து. அடியில இருந்து தண்ணி கொப்பளிச்சுக்கிட்டே இருக்கும். கண்ணாடி மாதிரி, கூழாங்கல்லைக்கூட எண்ணிடலாம். இந்த வளைவு தாண்டினா மர நிழல், அங்க கரையேறிச் சாப்பிடலாம். கடைசியில பாலம். சாப்பாடு கட்டிட்டு வர்றீங்கல்ல?"

"இல்ல, ஒண்ணும் வேண்டாம்."

"நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது."

பின்னால் கொட்டகையில் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த வேன் டிரைவர் களுக்கென்று சிரித்தான். "ஆரம்பிச்சுட்டாங்கய்யா, போலீஸ் அக்கா!"

அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டான். கும்பலாக வருகிறவர்களை அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒற்றை ஆளாக ஒருவர் வந்துவிட்டால் போதும், குடைந்து எடுத்துவிடுவாள். பாதிப்பேர் எரிச்சலில் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்று அவன் முதலாளியிடம் கோள்கூடச் சொல்லிப் பார்த்தான். "அவங்க கேட்கட்டும்ப்பா, நீ உன் வேலையைப் பாரு" என்றதோடு சரி.

"பாலத்துல உங்களைக் கூட்டிட்டுப் போக யாரு வருவாங்க சார்?"

"யாரும் வர வேண்டாம்."

"வீட்டுல சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"

"என் சம்சாரத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டா."

இந்த முகத்தை இன்றைக்கு விட்டுவிட்டால் நாளைக்குப் படகு மட்டும்தான் திரும்பும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"உள்ள வாங்க சார், நனையுறீங்க. டீ குடிங்க." பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். அவர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நாலு மணிக்குள்ள வந்துடுங்கன்னு சொல்லித் துடுப்பைக் கையில குடுக்கறதை விட்டுட்டு, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரி..."

"நீ வாயை மூடிட்டு ஜாக்கெட்டைக் காயப் போடு!"

கத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நாளைக்கும் மழைதான்னு சொல்றாங்க சார். இன்னொரு நாள் போகலாமே. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேர் படகு தர்றேன்."

"அவ இந்த ஆத்துப் பக்கமே வரமாட்டா."

"அப்ப நான் வர்றேன். நீங்க முன்னாடி உட்கார்ந்து வேடிக்கை பாருங்க, நான் பின்னாடி இருந்து துடுப்புப் போடுறேன். தனிப் படகு மட்டும் கேட்காதீங்க. தரமாட்டேன்."

"எல்லாருக்கும் தர்றீங்க, எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

"இல்லேன்னா இல்லதான். முதலாளிகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. என் வேலையே போனாலும் சரி சார், நீங்க பத்திரமா வீட்டுக்குப் போகணும்."

யாரோ ஒரு மனிதரிடம் இப்படிக் கெஞ்சுகிறோமே என்ற வெட்கம்கூட அவளுக்கு இல்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்ததும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"படகு வேண்டாம்மா. நான் படகுக்கு வரலை."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"என் பையனும் இப்படித்தான் ஒருநாள் தனியா வந்தான். நீச்சல் தெரியாது. கையில சாப்பாடு இல்ல. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சாயந்திரம் படகு மட்டும்தான் பாலத்துக்கிட்ட ஒதுங்குச்சு. இங்க இருந்தவங்க அவன் மூஞ்சியைக்கூடவா பார்க்கலை, ஏம்ப்பா இப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்களான்னு மூணு வருஷமா எனக்குத் தூக்கம் இல்லம்மா. அதான், அவனை மாதிரியே வந்து நின்னு பார்த்தேன்."

கொட்டகையில் டிரைவர் ஜாக்கெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"நீ பெத்த தாய் மாதிரி கேட்கிறே. அன்னைக்கு நீ இருந்திருந்தா என் பையன் வீட்டுக்கு வந்திருப்பான்." அவர் எழுந்து அவள் தலையில் கை வைத்தார். "நீ நல்லா இருக்கணும். அன்னைக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தவ எவளோ, அவ விளங்கவே மாட்டா."

சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தார். பளபளப்பு ஷூவெல்லாம் சேறு.

டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். "மன்னிச்சுக்கக்கா. உங்களைப் போய்க் கிண்டல் பண்ணிட்டேன். யாருக்கா அது, உங்களுக்கு முன்னாடி இங்க வேலை பார்த்த அந்தப் பாவி?"

அவள் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அந்தப் பையன் வந்து நின்றபோது போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் அவளேதான்; நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாலு மணிக்குள்ள வந்துடுங்க" என்று துடுப்பை நீட்டியிருந்தாள்.